பதினான்கு படங்கள், எண்ணிக்கை சரி

சுஜீதனுக்கு நிற்பதுதான் வேலை. சிட்னி நகரத்துக் கலைக்கூடம் ஒன்றில் இரண்டாவது அறைக்குக் காவல். காலை ஒன்பதரைக்கு வந்தால் மாலை ஐந்தரைவரை, சாப்பாட்டு நேரம் போக, நின்றுகொண்டே இருப்பான். அறையின் மூலையில் ஒரு கதிரை உண்டு. அது தலைசுற்றி விழப்பார்க்கும் பார்வையாளர்களுக்கு. நான்கு வருடத்தில் அவன் அதில் ஒருதரம்கூட உட்கார்ந்ததில்லை. தடை இருந்தது என்பது பிறகு. உட்கார வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

தோன்றுவது என்ற காரியம் அவனுக்கு எப்போதோ நின்றுபோயிருந்தது. இருபத்தைந்து வயதில் படகில் வந்தவன். மூன்று வருடமும் நான்கு மாதமும் தடுப்பு முகாமில் இருந்தான். வெளியே வந்த பிறகு எட்டு வருடம் தற்காலிக விசா. இரண்டு வருடத்துக்கு முன்புதான் நிரந்தர விசா கிடைத்தது. கடிதம் வந்த அன்று, லிட்கம் புறநகர் வீட்டில் அவனோடு கூடியிருந்த பெடியன்கள் ஆட்டிறைச்சி வாங்கிச் சமைத்தார்கள். சுஜீதன் இரண்டு தட்டு சாப்பிட்டான். எழுந்து போய்ச் சீருடையைத் தோய்த்துக் காயப்போட்டான். கிளிநொச்சியில் அம்மா இறந்த செய்தி போனில் வந்தபோது ரயிலில் இருந்தான். லிட்கத்தில் இறங்கி, அன்றைக்கு வாங்க வேண்டியிருந்த பாணையும் பாலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் கை தெரியும், கன்னம் தெரியாதே, அந்த மாதிரி. ஒரு டொக்டர் ஆறுதரம் கூப்பிட்டுப் பேசினார். "நித்திரை வருது, சாப்பாடு இறங்குது" என்று ஆறுதரமும் சொன்னான். அது பொய்யுமில்லை.

அந்த மனநிலைக்குக் கலைக்கூடம் நல்ல இடம். சனம் வரும், போகும். தொடவேண்டாம், கிட்டப் போகவேண்டாம், கழிப்பறை இடப்பக்கம். மூன்று வசனத்தில் ஒரு நாள் முடிந்துவிடும்.

அந்த வருடம் அமெரிக்காவிலிருந்து நாற்பத்து மூன்று ஓவியங்கள் வந்திருந்தன. நூறு வருடத்துக்கு முந்தைய நியூயார்க். மூன்று அறைகளில் மாட்டியிருந்தார்கள். முதல் அறையில் குத்துச்சண்டை, துறைமுகம், பனி. இரண்டாவது அறையில் ஏழைகளின் தெருக்கள்: நெருக்கமான குடியிருப்புகள், தொங்கும் துணிகள், தள்ளுவண்டிகள், குப்பைத்தொட்டிகள். அழகான சீமாட்டிகளை விட்டுவிட்டு இதையெல்லாமா வரைவது என்று அந்தக் காலத்தில் பலர் முகம் சுளித்தார்களாம். பிற்காலத்தில் அந்த ஓவியர்களுக்குச் சாம்பல்தொட்டிக்காரர்கள் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்த இந்த விவரங்களைச் சுஜீதன் வாசிக்கவில்லை. அவனுக்கு வாசித்துச் சொன்னது லக்சிகா.

லக்சிகாவுக்கு இருபத்துமூன்று வயது. மூன்றாவது அறையில் தற்காலிகக் காவல். அப்பா கூரியர் வான் ஓட்டுகிறார். வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் இவள்தான். போனதும் கலை வரலாற்றுக்கு. 'கணக்கியல் படிச்சிருந்தா இப்ப ஒஃபிசில இருந்திருப்பாய், இஞ்ச வாசலில நிக்கிறாய்' என்று அப்பா சொல்லும்போதெல்லாம், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதோ என்று அவளும் யோசிப்பாள். அதே கலைக்கூடத்தில் ஓவியங்களைப் பராமரிக்கும் பிரிவில் பயிலுநர் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். அடுத்த மாதம் நேர்காணல். அவளைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதிக்கொடுக்க வேண்டியவர் காவல் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வெங்கட்ராமன்.

சாப்பாட்டு நேரத்தில், பின்பக்க அறையில், புட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"அண்ணா, உங்கட அறையில பாதிப் படம் ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினேழில நியூயார்க்கில ஒரு பெரிய கண்காட்சியில இருந்தது. அதில விசேஷம் என்னெண்டால், செலக்சன் கொமிட்டியே இல்லை. ஆர் வேணுமெண்டாலும் ரெண்டு படம் கொண்டுவரலாம். பரிசும் இல்லை. பெயர்வரிசைப்படி மாட்டினவையாம். எந்த எழுத்தில தொடங்கிறதெண்டு சீட்டுக் குலுக்கி எடுத்தவை. 'R' எண்ட எழுத்து வந்தது."

"அப்ப ஒருத்தரையும் ரிஜெக்ட் பண்ணேல்லையோ?"

"பண்ண மாட்டம் எண்டுதான் விதி."

"ரிவியூவும் இல்லை, அப்பீலும் இல்லை. எனக்கு ஆரும் சொல்லேல்லையே. படகை அங்கால திருப்பியிருப்பன்."

அவள் சிரித்தாள். சுஜீதன் முகத்தில் எதுவும் அசையவில்லை. அவன் பகிடி விடுவது அப்படித்தான். பழகியவர்களுக்கு மட்டும் தெரியும்.

"உங்கட ஒன்பதாம் படத்தைப் பாத்தனீங்களா? கோடை வெக்கைக்குக் கூரையில படுத்திருக்கிற சனம். அந்தப் பெயின்டரை ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு இந்த ஷோவிலயே அதுதான் பெஸ்ட்."

"ஓம், இருக்குது" என்றான். இருக்கிறது என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். தினமும் எண்ணுகிறான்.

இங்கேதான் சுஜீதனின் பிழை இருந்தது.

காலையில் கதவு திறப்பதற்கு முன்பு ஒவ்வொரு காவலாளியும் தன் அறையைச் சுற்றிவந்து ஒரு தாளில் அடையாளமிட வேண்டும். இடப்பக்கம் படங்களின் இலக்கம், மேலே கிழமைகள், கட்டத்துக்குள் ஒரு சரி. கீறல், வெடிப்பு, வண்ணம் உதிர்வு எதுவும் இல்லை, நேற்றுப் போலவே இன்றும் இருக்கிறது என்பதற்கான சரி அது. கண்காட்சி தொடங்கிய அன்று வெங்கட்ராமன் தாள்களைக் கொடுத்து, "டெய்லி செக் பண்ணி டிக் போடுங்க, படம் எல்லாம் இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். சுஜீதன் அதைத் தனக்குத் தெரிந்த விதத்தில் விளங்கிக்கொண்டான். முகாமில் காலை ஏழு மணிக்குக் கதவுக்கு வெளியே வந்து நிற்க வேண்டும். அதிகாரி தாளோடு வருவார். தலைகளை எண்ணுவார். வரிசையின் கடைசிக்கு வந்ததும் வாக்கிடோக்கியில் 'எண்ணிக்கை சரி' என்பார். அவ்வளவுதான். எல்லாரும் உள்ளே போகலாம். மூன்று வருடமும் நான்கு மாதமும், ஒரு நாளும் விடாமல் பார்த்த வேலை. அவனுக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான்.

ஆகவே அவன் தினமும் அறையின் நடுவில் நின்று, சட்டங்களை எண்ணுவான். பதினான்கு. தாளில் மேலிருந்து கீழே பதினான்கு சரிகள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒன்பது வாரம் அப்படியே போனது. பார்த்துப் போட்ட சரிக்கும் எண்ணிப் போட்ட சரிக்கும் தாளில் வித்தியாசம் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. அதை அலட்சியம் என்று சொல்லலாமா என்றால், அவன் அளவில் அது அலட்சியமே இல்லை. ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

ஒன்பதாவது வார வெள்ளிக்கிழமை முதல் அறைக்காரருக்குக் காய்ச்சல். சுஜீதனை அங்கே போகச் சொல்லி, லக்சிகாவை இரண்டாவது அறைக்கு மாற்றினார்கள். கதவு திறக்க இருபது நிமிடம் இருக்கும்போது, அவள் ஒன்பதாம் படத்துக்கு முன்னால் குனிந்து நின்றாள். கீழே இடது மூலையில், செங்கல் சுவர் தீட்டியிருந்த இடத்தில், விரல்நக அளவுக்கு வண்ணம் உதிர்ந்து வெள்ளை தெரிந்தது. தாளில் அந்தக் கட்டத்தில் சரி போடாமல், சிவப்பில் வட்டமிட்டு, வாக்கிடோக்கியில் சொன்னாள். செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய விதத்தில் செய்த ஆள் அந்த ஒன்பது வாரத்தில் அந்த அறைக்கு அவள் ஒருத்திதான்.

பத்து மணிக்குள் அறையை மூடிவிட்டார்கள். ஓவியங்களுக்குப் பொறுப்பான அதிகாரி ஜூடித் பூதக்கண்ணாடியோடு வந்தார். தாளைப் பார்த்தார். திங்கள் முதல் வியாழன் காலைவரை சரி. வியாழன் பகல் அங்கு நின்ற சுஜீதன் எதையும் அறிவிக்கவில்லை. வெள்ளி காலை வட்டம். கமரா வாசலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் படம் இடைச்சுவருக்குப் பின்னால். கமராவில் தெரிந்தது ஒன்றுதான்: லக்சிகா முதுகில் பையோடு அறைக்குள் போகிறாள்.

முதுகுப் பையோடு யாரும் உள்ளே போகக்கூடாது. அது முதல் விதி.

"நீர் ஏன் பையைக் கொண்டு போனனீர்?" சுஜீதன் பின்பக்க அறையில் கேட்டான்.

"லொக்கர் திறக்கேல்லை, அண்ணா. ரூம் மாத்திப்போட்டாங்கள், நேரம் போயிட்டுது. ரெண்டு நிமிஷத்தில கொண்டுபோய் வைப்பம் எண்டு..." அவள் நிறுத்தினாள். "நான் திரும்பேக்க பட்டிருக்குமோ? எனக்கே இப்ப டவுட்டா இருக்கு. குனியேக்க முன்னமே அது இருந்ததோ, இல்லாட்டி நான் நிமிர்ந்த பிறகுதான் கண்டனானோ. நூறுதரம் யோசிச்சிட்டன். யோசிக்க யோசிக்க நான்தான் செய்தனான் போல இருக்குது."

"முன்னமே இருந்தது எண்டுதானே றேடியோவில சொன்னீர்."

"சொன்னனான். இப்ப தெரியேல்லை." சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மடியில் வைத்திருந்தாள். "அப்பாவுக்கு இதைச் சொன்னால், நான் அப்பவே சொன்னனான் எண்டுவார். அதைக் கேக்கிறதுக்கு அரை நாள் வேணும்."

பகல் ஒரு மணிக்கு வெங்கட்ராமன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வெங்கட்ராமன் கெட்ட மனிதரல்ல. சென்னையிலிருந்து படிக்க வந்து, பெட்ரோல் நிலையத்தில் நின்று, மேலே வந்தவர். மேசையில் பாதி சாப்பிட்ட தயிர்சாதம் இருந்தது.

"உக்காருங்க சுஜி. ஒண்ணும் பெரிசா இல்ல. வியாழக்கிழமை காலைல நீங்க செக் பண்ணினப்போ ஒன்பதாம் நம்பர் நல்லா இருந்துச்சு. அத மட்டும் ரெண்டு வரி மெயில்ல எழுதிக் குடுத்துடுங்க. மீதிய நான் பாத்துக்கிறேன்."

"அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும், அண்ணை?"

"பேக்கோட உள்ள போயிருக்கு. வேற என்ன நடக்கும்? இன்னைக்கோட ரோஸ்டர்லேர்ந்து எடுத்துடுவேன். கேஸ்லாம் ஒண்ணும் இல்ல, இன்சூரன்ஸ் பாத்துக்கும்."

"அவ இஞ்ச ட்ரெய்னியா அப்ளை பண்ணியிருக்கிறா."

"தெரியும்பா. என் பொண்ணு வயசுதான். எனக்கு மட்டும் சந்தோஷமா? ஆனா யாராவது ஒருத்தர் பேர் அந்த ரிப்போர்ட்ல வந்தாகணும். எனக்கு இங்க பன்னெண்டு பேர் வேணும். இவ போனா திங்கக்கிழமை இன்னொருத்தர் வருவாங்க. தலைய எண்ணிப் பாத்து பன்னெண்டு இருந்தா போதும், கிளையன்ட் வாயத் திறக்க மாட்டான்."

சுஜீதனுக்குக் கோபம் வரவில்லை. அவனுக்குக் கோபம் வந்து பல வருடம். வெங்கட்ராமன் திருப்பி வைத்த கணினியின் முன்னால் உட்கார்ந்து, 'வியாழக்கிழமை காலை' என்று ஆங்கிலத்தில் தட்டினான். அடுத்த சொல் 'பார்த்தேன்'. விரல் விசைக்கு மேலேயே நின்றது. வியாழக்கிழமை எதைப் பார்த்தான் என்று யோசித்தான். கூரை, சனம், வெக்கை என்று லக்சிகா சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. அவன் கண்ணால் கண்டதாக ஒன்றுமே வரவில்லை. ஒன்பது வாரம், நாளைக்கு ஏழு மணி நேரம் அவனோடு ஒரே அறையில் இருந்த படம்.

"என்ன, ஸ்பெல்லிங்கா?" என்றார் வெங்கட்ராமன்.

"இல்லை, அண்ணை. ஒருக்காப் போயிட்டு வாறன்."

இரண்டாவது அறையில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. ஜூடித் ஏணிக்கதிரையில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். சுஜீதன் கயிற்றுக்கு இப்பால் வந்து நின்று படத்தைப் பார்த்தான். நகரத்துக் கூரை. விடிந்தும் விடியாத வெளிச்சம். பாயிலும் மெத்தையிலுமாகச் சனம் கைகால் பரப்பிக் கிடந்தது. எட்டுப் பேர். இல்லை, புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு கால் மட்டும் தெரிந்தது. ஒன்பது. தான் மறுபடியும் எண்ணுகிறான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எண்ணுவதை விட்டுவிட்டுப் பார்க்க முயன்றான். விளிம்பில் ஒரு பெண் மட்டும் படுக்காமல் சுவரில் சாய்ந்து இருந்தாள். மடியில் எதையோ அணைத்திருந்தாள்.

"மேடம், நான் வியாழக்கிழமை இந்தப் படத்தைப் பார்க்கவில்லை" என்றான் ஆங்கிலத்தில்.

ஜூடித் நிமிர்ந்து, தாளை எடுத்துக் காட்டினார். சரி போட்டிருக்கிறதே.

"எண்ணினேன். பதினான்கு இருந்தது. அதற்குத்தான் அந்தச் சரி. திங்களும் அப்படித்தான். போன வாரமும் அப்படித்தான்."

"எப்போதிருந்து?"

"முதல் நாளிலிருந்து."

அவர் பேனாவை மூடி வைத்தார். ஏன் என்று கேட்டார். சுஜீதன் முகாமின் காலை எண்ணிக்கையை மூன்று வசனத்தில் சொன்னான். கழிப்பறை இடப்பக்கம் என்று சொல்லும் அதே குரலில்தான் சொன்னான். ஜூடித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எழுதித் தருவீர்களா?" என்று மட்டும் கேட்டார். அவன் எழுதிக் கொடுத்தான். ஏழு வரி.

படம் வந்திறங்கியபோது எடுத்த புகைப்படங்களை எடுத்துப் பார்த்தார்கள். அதில் அந்தக் காயம் இல்லை. அப்படியென்றால் ஒன்பது வாரத்தில் எந்த நாளிலும் நடந்திருக்கலாம். எத்தனையோ ஆயிரம் பேரின் கைப்பைகளும் முழங்கைகளும் குழந்தை வண்டிகளும் அந்த மூலையைக் கடந்து போயிருந்தன. யார் என்று இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. அறிக்கையில் 'காலம் உறுதிப்படுத்த முடியவில்லை' என்று எழுதினார்கள். லக்சிகாவுக்குப் பை கொண்டுபோனதற்காக ஓர் எச்சரிக்கை. காயத்தை முதலில் கண்டு அறிவித்தது அவள்தான் என்பதையும் ஜூடித் தன் கையால் சேர்த்து எழுதினார்.

வெங்கட்ராமன் அன்று மாலை கதவருகே சுஜீதனை நிறுத்தினார்.

"ஏன்யா இப்படிப் பண்ணினீங்க? ரெண்டு வரில முடிஞ்சிருக்கும். இப்ப உங்கள நான் எந்த கேலரிலயும் நிறுத்த முடியாது. புரியுதா?"

"ஓம், அண்ணை."

"நாலு வருஷம் ஒரு லீவு எடுக்கல. உங்களமாதிரி ஆளு எங்க கெடைப்பான் எனக்கு?" அவர் கார்ச் சாவியைக் கையில் உருட்டினார். "ஹோம்புஷ்ல ஒரு ஆபீஸ் பில்டிங். கீழ கார் பார்க். சம்மதமா?"

"வாறன்."

அன்று ரயிலில் அவனுக்குத் துக்கமாக இருந்ததா, ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அந்த அமைதியான அறை போய்விட்டது என்பது தெரிந்தது. கன்னத்தைத் தொட்ட கைக்குத் தெரிவதுபோலத் தெரிந்தது. லிட்கத்தில் இறங்கிப் பாண் வாங்கினான்.

ஹோம்புஷ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தீயணைப்புக் குடுவைகள் இருபத்தாறு. திங்கட்கிழமைதோறும் பார்த்து, தாளில் சரி போட வேண்டும். முதல் திங்கள் சுஜீதன் அந்த வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தான். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றான். அழுத்தமானியின் முள் பச்சையில் இருக்கிறதா, பாதுகாப்பு ஊசி இருக்கிறதா, குழாய் வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். பதினேழாவதில் முள் சிவப்பில் நின்றது. தூசியைப் பார்த்தால் மாதக்கணக்காக அப்படியே நின்றிருக்க வேண்டும். முந்தைய தாள்களில் அதற்கு வரிசையாகச் சரி இருந்தது. அந்தச் சரிகளை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். யார் போட்டது என்று பெயரைத் தேடவில்லை. தன் கட்டத்தில் வட்டமிட்டான்.

போன் அடித்தது. வெங்கட்ராமன்.

"என்ன சுஜி, இன்னும் ஷீட் வரல? இருவத்தாறு சிலிண்டர் எண்ண எவ்வளவு நேரம்?"

"எண்ணேல்லை, அண்ணை. பாத்துக்கொண்டு நிக்கிறன்."

மறுபக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, பாருங்க" என்று வைத்துவிட்டார்.

இருபதாவதில் நிற்கும்போது லக்சிகாவிடமிருந்து ஒரு படம் வந்தது. இரண்டாவது அறைச் சுவர். ஒன்பதாம் இலக்கத்துக்கு மேலே வெறுமை. திருத்தத்துக்காக எடுக்கப்பட்டுள்ளது என்று சிறிய அட்டை. கீழே அவள் எழுதியிருந்தாள்: 'அண்ணா, இப்ப பதின்மூண்டு. எண்ணிப் பாத்திட்டன். இன்டர்வியூ வாற வியாழன்.'

சுஜீதன் அதை இரண்டுதரம் வாசித்தான். பகிடி என்று விளங்கியது. நல்லது என்று எழுதலாமா என்று யோசித்தான். அந்தக் கூரைப் படம் ஞாபகத்துக்கு வந்தது. இந்த முறை அவள் சொன்னது அல்ல, அவன் கண்ட கொஞ்சம். சுவரில் சாய்ந்த பெண். அவள் மடி. ஜூடித்திடம் பேச வேண்டியிருந்ததால் அதை முழுதாகப் பார்க்காமல் விட்டிருந்தான்.

'அந்தக் கரையில இருக்கிற பொம்பிளை மடியில வச்சிருக்கிறது பிள்ளையோ, தலையணையோ?' என்று எழுதி அனுப்பினான்.

பதில் வரச் சற்று நேரமெடுத்தது.

'நான் அதைக் கவனிக்கேல்லை, அண்ணா. படம் திரும்பி வர மூண்டு மாசமாகும். வரேக்க பாத்துச் சொல்லுறன்.'

அவன் போனைப் பையில் வைத்தான். இருபத்தோராவது குடுவை தூணுக்குப் பின்னால் இருந்தது. சுற்றிப் போய், அதன் முன்னால் குனிந்தான்.